பாட்டுப் புத்தகத்தின் முதல் வரி

1965 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் பாப் டிலன் மின்சார கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறினார். அதே ஆண்டு ‘தி பேர்ட்ஸ்’ குழு அவருடைய பாட்டொன்றை ராக் தாளத்தில் பாடி ஊரெல்லாம் முணுமுணுக்க வைத்தது. நாட்டுப்பாடலும் ராக் இசையும் கலந்த அந்த வகைக்கு ‘ஃபோக் ராக்’ என்று பெயர் விழுந்தது. 1969இல் இங்கிலாந்தின் ‘ஃபேர்போர்ட் கன்வென்ஷன்’ குழு இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் பேஸ் கிடார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டன் செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் உட்கார்ந்து பழைய கதைப்பாடல்களைத் தேடி எடுத்தார். அந்தத் தேடலின் விளைச்சல் ‘லீஜ் அண்ட் லீஃப்’ என்ற இசைத்தட்டு.

அதே பத்தாண்டில் கிராமத்துப் பாட்டைக் கையிலெடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போன இளைஞர் குழு தமிழ்நாட்டில் எது? என்னிடம் கேட்டால் பண்ணைப்புரத்துப் பாவலர் சகோதரர்களைத்தான் சொல்வேன். மூத்தவர் பாவலர் வரதராஜன். தம்பிகள் பாஸ்கர், ராஜா, அமர். ராஜா பின்னாளில் இளையராஜா ஆனார். அமர், கங்கை அமரன் ஆனார். கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடிய அந்தக் குழுவைப் பற்றித் தஞ்சைப் பக்கத்துப் பழைய விவசாயச் சங்கத் தோழர்கள் இன்றும் வாஞ்சையோடு பேசுகிறார்கள். ஆர்மோனியம், பெண் குரலில் பாடிய ஒரு பையன், சிரித்துக்கொண்டே பண்ணையாரைக் கேள்வி கேட்கும் வரிகள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அந்தப் பாட்டுகள் உண்மையில் எப்படி ஒலித்திருக்கும் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கேள்வியோடு ஆவணங்களுக்குள் இறங்கினேன்.

தட்டுக்கு வெளியே ஒரு குரல்

முதலில் இசைத்தட்டுப் பட்டியல்களைப் புரட்டினேன். கர்நாடக இசை, நாடகப் பாட்டு, சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு என்று கம்பெனிகள் வகை பிரித்து வைத்திருக்கின்றன. அரசியல் பாட்டுக்கும் இடம் இருந்திருக்கிறது. எங்கள் காவிரி டெல்டாவின் நாகூர் ஈ.எம்.ஹனிபா பாடிய திராவிட இயக்கப் பாட்டுகள் இசைத்தட்டாக வந்து வீடு வீடாக ஒலித்தன. ஆனால் நான் புரட்டிய பட்டியல்களில் பாவலர் சகோதரர்களின் மேடைக் கச்சேரி இல்லை. கடையில் விற்பதற்காகக் கட்டிய பாட்டு அல்ல அது. இன்று மாலை இந்த ஊரில், இந்தக் கூலிப் பிரச்சினைக்கு, இந்தத் தேர்தலுக்கு என்று கட்டிய பாட்டு. மறுநாள் வேறு ஊர், வேறு வரி.

அடுத்து பத்திரிகைகள். 1937இல் தொடங்கிய ‘ஜனசக்தி’யும் 1963இல் தொடங்கிய ‘தீக்கதி’ரும் இடதுசாரி இயக்கத்தின் நாட்குறிப்பு என்றே சொல்லலாம். அவற்றில் பேச்சாளர் பெயர் இருக்கும், தீர்மானம் இருக்கும், கூட்டம் நடந்த இடம் இருக்கும். பாடியவருக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும். என்ன பாடினார், எந்த மெட்டில் பாடினார் என்பதற்கு அங்கே பதில் இல்லை. பேச்சை எழுத்தில் வைத்தால் பேச்சின் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. பாட்டை எழுத்தில் வைத்தால் பாதிதான் தங்குகிறது.

அந்த மறுபாதி எங்கே போயிருக்கும் என்பதற்கு முதல் தடயம் கிடைத்தது, நூலகங்களில் யாரும் அதிகம் கேட்டு வாங்காத ஒரு சரக்கில்.

‘மெட்டு’ என்று போட்ட வரி

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. திருவிழாவிலும் சந்தையிலும் ரயிலடியிலும் விற்ற மெல்லிய புத்தகங்கள். கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, நாடகப் பாட்டு, கட்சிப் பாட்டு எல்லாம் உண்டு. கையில் எடுத்தால் தாள் பழுப்பேறி, ஓரம் பொடிந்து, தைத்த நூல் துருத்திக்கொண்டு நிற்கும். எழுத்து நெருக்கமாக இருக்கும், அச்சுப் பிழைக்கும் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும், பல்லவிக்கு மேலே, சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். இன்ன பாட்டின் மெட்டு என்று அது சொல்லும். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு நாடகப் பாட்டோ சினிமாப் பாட்டோ அங்கே பெயரளவில் நிற்கும்.

ஸ்வரக் குறிப்பு இல்லாத உலகத்தில் அந்த ஒற்றை வரிதான் ஸ்வரக் குறிப்பு. புத்தகம் வாங்கியவர் அதைப் பார்த்தவுடன் மூலப் பாட்டை மனத்தில் ஓடவிட்டு, புதிய வரிகளை அதன் மேல் ஏற்றிப் பாடிவிடுவார். அதே வேலையை நானும் செய்து பார்த்தேன். மெட்டு வரியில் குறித்த சினிமாப் பாட்டைத் தேடிக் கேட்பது, பாட்டுப் புத்தகத்தின் வரிகளை அதோடு சேர்த்து வாய்விட்டுப் பாடுவது. காகிதத்தில் வறண்டு கிடந்த கோரிக்கை வரிகள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தன. படித்தபோது நீளமாகத் தோன்றிய வரி, தாளத்தில் சரியாக விழுந்தது. படித்தபோது அசட்டுத்தனமாகத் தெரிந்த எதுகை, கூட்டம் சேர்ந்து பாடுவதற்கான பிடியாக மாறியது.

பாவலர் வரதராஜனின் மேடைக்கு உள்ளே நுழைய வழி இதுதான் என்று அப்போது புரிந்தது. சினிமா மெட்டில் அரசியல் வரிகளை ஏற்றுவது அவருக்குக் கைவந்த கலை. கேட்கும் கூட்டத்துக்கு மெட்டு முன்பே பழக்கம். அதனால் இரண்டாவது சுற்றிலேயே அவர்களும் சேர்ந்துகொள்ள முடியும். புதிதாக வருவது வரிகள் மட்டும். எனவே கூட்டத்தின் முழுக் கவனமும் வரிகள் மேல் விழும். கூலி, குத்தகை, பஞ்சம், ஓட்டு என்று எதைச் சொல்ல வேண்டுமோ அது காதில் தங்கும்.

அவருடைய தம்பிகளுக்கு அது எப்பேர்ப்பட்ட பயிற்சி என்பதையும் யோசிக்க வேண்டும். இளையராஜா அண்ணனின் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 14. குரல் உடையும் வரை பெண் குரலில் பாடினார், பிறகு ஆர்மோனியத்தில் உட்கார்ந்தார். புதுப் படம் வந்தால் அதன் பாட்டு உடனே விரல்களுக்கு வந்தாக வேண்டும். அண்ணன் சுருதியை மாற்றினால் மாற வேண்டும். மேடையிலேயே ஒரு வரி கூடினால் தாளத்தை நீட்டிப் பிடிக்க வேண்டும். ஏறக்குறைய பத்தாண்டுகள் அவருக்கு இதுதான் பள்ளிக்கூடம். எந்த இசைக் கல்லூரியின் பாடத்திட்டத்திலும் இப்படி ஒரு தேர்வு கிடையாது.

1958

தடயங்களை ஆண்டு வாரியாக அடுக்கியபோது ஓர் ஆண்டு திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. அது 1958.

முதல் தடயம் மலையிலிருந்து வருகிறது. 1957 தேர்தலில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் கட்சி 126 இடங்களில் 60ஐப் பிடித்து, 5 சுயேச்சைகளின் ஆதரவோடு ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் ஆட்சி அமைத்தது. ஒவ்வொரு இடமும் உயிர்நாடி. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூசின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. தேவிகுளம், மூணாறு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்களிடம் ஓட்டுக் கேட்கத் தமிழில் பாட வேண்டும். மேற்கு மலைக்கு இந்தப் பக்கம் இருந்த பண்ணைப்புரத்து வரதராஜன் அங்கே போய்ப் பாடினார். ரோசம்மா மீண்டும் வென்றார். பாவலர் என்ற பெயர் கட்சி வட்டாரத்தில் பரவியதற்கு அந்தத் தேர்தல் முக்கியமான காரணம்.

இரண்டாவது தடயம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் உள்ள சரசுவதி மகால் நூலகம் அதே 1958இல் ‘மலையருவி’ என்ற நூலை வெளியிட்டது. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி தமிழ்நாட்டுக் கிராமங்களில் சேகரித்த நாடோடிப் பாடல்களை கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்துக் கொடுத்த நூல் அது. கி.வா.ஜ., பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே.சாமிநாதையரின் மாணவர். சங்க இலக்கியச் சுவடிகளைக் கரையேற்றிய குருவிடம் பாடம் கேட்டவர், வயற்காட்டுத் தெம்மாங்கையும் அதே மரியாதையோடு பதிப்பித்தார். சரபோஜி மன்னர் சேர்த்த சுவடிகளும் ஐரோப்பியப் புத்தகங்களும் இருக்கும் நூலகத்தில், உழைக்கும் சனங்களின் பாட்டும் அச்சேறி இடம் பிடித்தது சாதாரணச் செய்தி அல்ல.

மூன்றாவது தடயமும் டெல்டாவின் மகன்தான். பட்டுக்கோட்டை பக்கத்துச் செங்கப்படுத்தான்காட்டில் 1930இல் பிறந்த கல்யாணசுந்தரம். மாடு மேய்த்து, மாம்பழம் விற்று, உப்பளத்தில் வேலை செய்து, நாடகத்தில் நடித்து, விவசாயச் சங்கத்தில் நின்று, அதன்பிறகு சினிமாவுக்குப் போனவர். எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ 1958இல் வெளிவந்தபோது அவருடைய பாட்டுகள் தமிழ்நாடு முழுக்கப் பரவின. 1959 அக்டோபரில், 29 வயதில், மறைந்துவிட்டார். 1965இல் அவருடைய பாடல்கள் தொகுப்பாக வெளிவந்தன.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு படம் தெரிகிறது. ஒரே காலத்தில் கிராமத்துப் பாட்டு மூன்று வழிகளில் புறப்பட்டிருக்கிறது. நூலகம் அதன் வரிகளைக் காப்பாற்றியது. சினிமா அதன் நடையை எடுத்துக்கொண்டு இசைத்தட்டில் ஏற்றியது. மேடை அதன் உயிரை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தது. முதல் இரண்டுக்கும் சான்று அலமாரியில் இருக்கிறது. மூன்றாவதுக்குச் சான்று, கேட்டவர்களின் காதில் இருக்கிறது.

வயலில் ஒரு சோதனை

‘மலையருவி’யில் வரிகள் உண்டு, மெட்டு இல்லை. பேராசிரியர் நா.வானமாமலை 1964இல் கொண்டுவந்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பும் பெரும்பாலும் அப்படித்தான். பாட்டுப் புத்தகங்களிலாவது மெட்டு வரி இருந்தது. இவற்றில் அதுவும் இல்லை. ஆகவே வரிகளைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனேன்.

மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்திருந்த நேரம். திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்தில் நடவு நடந்துகொண்டிருந்தது. பெரும்பாலான வயல்களில் நடவு இயந்திரம் இறங்கிவிட்டது. வரப்பு நெருக்கமான சின்னத் துண்டுகளில் மட்டும் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூத்த அம்மாவிடம் உட்கார்ந்து, ‘மலையருவி’யிலிருந்து ஒரு தெம்மாங்கைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “என்ன தம்பி, பேப்பர் படிக்கிற மாதிரி படிக்கிற? கொஞ்சம் இழுத்துச் சொல்லு” என்றார். இழுத்துச் சொன்னேன். என் இழுப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. தானே வாங்கிப் பாடினார்.

அடுத்து நடந்ததைத்தான் அருகிலிருந்து பார்க்க வேண்டும். முதல் அடியின் கடைசிச் சீரை அவர் நான்கு எண்ணிக்கை அளவுக்கு நீட்டினார். அந்த நீட்டலில்தான் மற்றப் பெண்கள் உள்ளே வந்தார்கள். நூலில் அச்சாகியிருந்த ஒரு சொல்லை அவர் விட்டுவிட்டார். தாளத்துக்கு அது வேண்டியிருக்கவில்லை. நூலில் இல்லாத ஓர் அசையை இரண்டாவது அடியின் தொடக்கத்தில் சேர்த்துக்கொண்டார். குனிந்து நாற்றை ஊன்றும் நேரமும் நிமிர்ந்து முடியிலிருந்து நாற்றைப் பிரிக்கும் நேரமும் அந்தத் தாளத்துக்குள் அடங்கியிருந்தன. தலைவி ஒருத்தி எடுத்துக் கொடுக்க, வரிசை வாங்கிப் பாடுகிறது. இதே அமைப்புதான் கட்சி மேடையில் பாவலர் பாட, கூட்டம் வாங்கிப் பாடிய அமைப்பும்.

இந்த மண்ணில் சங்கப் பாட்டு ஏன் இவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கும் அந்த வயலில் விடை இருந்தது. 1940களில் பி.சீனிவாசராவ் கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டத் தொடங்கினார். அவர்களுக்குச் சாணிப்பால் புகட்டுவதும் சவுக்கடி கொடுப்பதும் வழக்கமான தண்டனையாக இருந்த மாவட்டம் இது. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலிப் போராட்டம் அதோடு முடியவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இந்த வரலாற்றைச் சுமந்த மக்களிடம் சங்கம் புதிய ஒரு பாட்டு முறையைக் கொண்டுவரவில்லை. அவர்கள் நடவில் பாடிய முறைக்குள்ளேயே புதிய சொற்களை வைத்தது. அதனால்தான் அந்தப் பாட்டு நிலைத்தது.

கிடார் வந்த வழி

வெளிநாட்டு வாத்தியம் நம் பாட்டோடு சேர்வது காவிரிக் கரைக்குப் புதிதல்ல. சரபோஜி காலத்துத் தஞ்சையில் ஐரோப்பிய வாத்தியங்களோடு அரண்மனை பேண்டு இருந்தது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கில மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டு ஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். தெரிந்த மெட்டில் புதிய வரி என்ற முறை அரண்மனையிலும் இருந்தது, களத்துமேட்டிலும் இருந்தது. பாவலர் சகோதரர்களோடு அது கிடாரிடம் போய்ச் சேர்ந்தது.

1960களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். தாய் சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று வழிச்செலவுக்குக் கொடுத்ததை இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். 1968இல் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படிக்கத் தொடங்கினார். ஆர்மோனியத்தில் காதால் கற்ற அத்தனையையும் ஐந்து கோட்டுக் குறிப்பில் எழுதக் கற்றார். கிடார் கையில் வந்தது. சலீல் சௌத்ரியின் இசைக்கு கிடார் வாசித்தார்.

அந்தப் பெயரில் நான் நின்றுவிட்டேன். சலீல் சௌத்ரி வங்கத்தில் இந்திய மக்கள் நாடக மன்றத்தில் வளர்ந்தவர், விவசாயிகளின் போராட்டத்துக்குப் பாட்டுக் கட்டியவர், மேற்கத்திய இசையை வங்க நாட்டுப்பாட்டோடு இணைத்தவர். பண்ணைப்புரத்து மேடையிலிருந்து வந்த இளைஞரும் வங்கத்து மேடையிலிருந்து வந்த மூத்தவரும் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் சந்தித்திருக்கிறார்கள். இரண்டு இடதுசாரிப் பாட்டு மரபுகள் சந்தித்த இடமாக அதை எந்த வரலாற்று நூலிலும் நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சந்திப்பை விட்டுவிட்டால் அடுத்து வருவது விளங்காது.

அடுத்து வந்தது ‘அன்னக்கிளி’. 1976 மே மாதம். பஞ்சு அருணாசலம் ராஜாவுக்கு இளையராஜா என்று பெயர் வைத்துத் திரையில் அறிமுகப்படுத்தினார். அந்தப் படத்தின் பாட்டுகளை இன்று கவனமாகக் கேட்டுப் பாருங்கள். எஸ்.ஜானகியின் குரலில் வருவது வயலும் களமும் தந்த மெட்டு. அடியில் ஓடும் தந்திக் கருவிகளின் அடுக்கு தன்ராஜ் மாஸ்டரின் வகுப்பறை. ஒரு குரல் எடுக்க, கூட்டக் குரல் வாங்கும் இடங்களில் மேடைப் பழக்கம் அப்படியே நிற்கிறது. கிராமத்துப் பாட்டும் மேற்கத்திய இசைக்கட்டும் ஒன்றை ஒன்று நசுக்காமல் நின்ற இடம் அது. ஃபேர்போர்ட் குழு நூலகத்திலிருந்து எடுத்ததை, இவர் தன் தொண்டையிலிருந்து எடுத்தார்.

எழுதப்படாத பெயர்

‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது பாவலர் வரதராஜன் உயிருடன் இல்லை. தம்பிகள் அவரை விட்டுவிடவில்லை. ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்று படக் கம்பெனிக்குப் பெயர் வைத்தார்கள். பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981இல் அந்தப் பெயரில்தான் வந்தது. கோடிக்கணக்கான தமிழர்கள் திரையில் அந்தப் பெயரைப் படித்திருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் தோட்டத் தொழிலாளிகளுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் முன்னால் நின்று பாடியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தத் தேடலில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று. அறுபதுகளின் மேடைப் பாட்டு அழிந்துபோகவில்லை. அது பிரிந்து கிடக்கிறது. வரி பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது, மெட்டு சினிமா இசைத்தட்டில் இருக்கிறது, பாடும் முறை வயதானவர்களின் வாயில் இருக்கிறது. மூன்றையும் ஒன்றுசேர்த்தால் அந்தக் கச்சேரிகளில் கணிசமான பகுதியைத் திரும்பக் கேட்க முடியும். முதல் இரண்டும் காத்திருக்கும். மூன்றாவது காத்திருக்காது. அறுபதுகளின் தொடக்கத்தில் பத்து வயதுப் பிள்ளையாக மேடைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து கேட்டவருக்கு இன்று எழுபதைத் தாண்டிவிட்டது.

அதனால் இரண்டு வேலைகளை உடனே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் தஞ்சாவூர். நாட்டார் வழக்காறு படிக்கும் மாணவர்கள் ஆளுக்கொரு வட்டாரம் எடுத்து, சங்கப் பாட்டைக் கேட்டவர்களையும் பாடியவர்களையும் கைபேசியிலாவது பதிவுசெய்ய வேண்டும். வரிகள் நினைவில்லாவிட்டால் மெட்டை மட்டும் முனகினாலும் அதைப் பதிய வேண்டும். இரண்டாவது வேலை நூலகங்களுடையது. பாட்டுப் புத்தகத்தைப் பட்டியலிடும்போது பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு என்று எழுதுகிறார்கள். அதோடு மெட்டு என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். பல்லவிக்கு மேலே உள்ள அந்தச் சின்ன எழுத்து வரியை அதில் அப்படியே எடுத்து எழுத வேண்டும். அதைச் செய்துவிட்டால், நாளை ஓர் இளைஞர் குழு அலமாரியைத் திறந்து, பாவலர் காலத்துப் பாட்டொன்றை எடுத்து, கிடாரோடு பாடத் தொடங்க எந்தத் தடையும் இருக்காது.